காது ரெண்டு, டோக்கன் நம்பர் 117

ஓய்வு பெற்றோர் சங்கத்துல ஆண்டு மலர் போடறாங்க. "எஸ்தரக்கா, நீங்களும் உங்க அனுபவத்த நாலு பக்கம் எழுதிக் குடுங்க"ன்னு செயலாளர் வூட்டுக்கே வந்து கேட்டாரு. போன வருஷ மலரப் புரட்டிப் பார்த்தேன். எழுதினவங்க எல்லாம் பெரிய பெரிய இன்ஜினியருங்க. ஒருத்தர் ஜப்பானுக்குப் போயி வந்த கதைய எழுதியிருக்காரு. இன்னொருத்தர் ஒரே ஒரு வால்வப் பத்தி ஏழு பக்கம் எழுதியிருக்காரு. நான் முப்பத்தோரு வருஷம் செஞ்சது, காலையில மத்தவங்க பொருள வாங்கி வெச்சிக்கினு சாயங்காலம் திருப்பிக் குடுக்கற வேலை. இதுல எழுத இன்னா கீதுன்னு கேட்டேன். இருக்கறத எழுதுங்கன்னாரு. எழுதறாப்புல எழுத எனக்கு வராது, பேசறாப்புலதான் வரும். பிடிக்கலன்னா பக்கத்தத் தள்ளிக்கினு வால்வு கதைக்குப் போயிடுங்க.

நம்ம கூடத்தோட பேர நான் இங்க எழுத மாட்டேன். வேலைய வுட்டு வரும்போது ஒரு காகிதத்துல கையெழுத்து வாங்கியிருக்காங்க. சங்கத்து ஆளுங்களுக்கு எதுன்னு தெரியும். மலர் வெளியாளு கையிலயும் போவுமாம், அவங்களுக்காகச் சொல்றேன்: மாமல்லபுரத்துக்கும் செங்கல்பட்டுக்கும் நடுவுல எங்கியோ ஒரு பெரிய மதில், அதுக்குள்ள பெரிய பெரிய இரும்பு சாமானுங்க செய்ற ஒரு கூடம். நீங்க இந்தப் பக்கம் பஸ்ல போவும்போது பார்த்துக்கினு போற பெரிய அணுமின் நிலையம் இல்ல, நெம்மேலி கடல்தண்ணி பிளான்ட்டும் இல்ல. அந்த இரும்பு சாமானுங்க எதுக்குன்னு எனக்கும் தெரியாது. என் ஜன்னல் கேட்டுக்கு வெளிப்பக்கம் இருந்துச்சு. அதுக்கு உள்ளப் போற வேலை எனக்கு இல்ல.

இப்ப அந்த ஜன்னலும் இல்ல. அத இடிச்சிட்டு வரிசையா இரும்பு பீரோ வெச்சிருக்காங்க, மூஞ்சியக் காட்டுனா கதவு திறக்குதாம். போன மாசம் அங்க நிக்கற பொண்ணு எனக்கு போன் போட்டுது. ஒருத்தர் காலையில போனை உள்ள வெச்சிட்டு மதியம் பல்லு புடுங்கிக்கினு வந்திருக்காரு, கன்னம் இட்லி மாதிரி வீங்கிப் போச்சு, பீரோ அவர யாருன்னே தெரியாதுங்குது. இன்னாக்கா செய்றதுன்னு கேட்டுது. வீக்கம் வடியற வரைக்கும் உக்காத்தி வைய்யின்னு சொன்னேன். வேற இன்னா சொல்றது.

நான் சேர்ந்தப்ப போனே கிடையாது. எங்க வூட்டுல அப்பாம்மா அடுத்தவங்க கழனியில வேலை செஞ்சவங்க. பத்தாவது பாஸ் பண்ணி கூடத்து வேலைக்குப் போன மொத ஆளு நான்தான். மூணு நாள் பயிற்சி குடுத்தாங்க. மொத நாள் வணக்கம் சொல்றது, ரெண்டாவது நாள் ரெஜிஸ்டர் எழுதறது, மூணாவது நாள் வணக்கம் சொல்லிக்கினே ரெஜிஸ்டர் எழுதறது. அப்ப இருந்தது நாப்பது அறை வெச்ச ஒரு மர அலமாரி. கேமரா, டிரான்சிஸ்டர், அவ்ளோதான் வரும். பொறவு இடுப்புல மாட்டற பேஜரு வந்துச்சு, பட்டன் போன் வந்துச்சு, தடவற போன் வந்துச்சு, பேசற வாட்ச் வந்துச்சு. நான் ஓய்வு பெறும்போது அலமாரிக்குப் பதிலா ரெண்டு ரூமு, ஆயிரத்துக்கு மேல துணிப்பை.

எங்க முறை இன்னான்னா, ஆளு ஜன்னலாண்ட வந்து போனை என் கண்ணு எதிர்ல காட்டணும். ஸ்கிரீன் கறுப்பா இருக்கணும். அவங்களே அத துணிப்பையில போடணும், நான் போனைத் தொடக் கூடாது, பையத்தான் தொடலாம். பையில ஒரு அலுமினிய டோக்கன் தொங்கும், அதே நம்பர்ல இன்னொண்ணு அவங்க கையில. ரெஜிஸ்டர்ல டோக்கன் நம்பர், பேரு, செக்ஷன், பொருள், எண்ணிக்கை, நேரம், கையெழுத்து. பொருளுக்கு நேரா நான் பார்த்ததத்தான் எழுதணும், அவங்க சொல்றத எழுதக் கூடாது. என் போனுக்கு ஒண்ணாம் நம்பர் பை. தினம் காலையில என் போனை எனக்கே காட்டி, எனக்கே டோக்கன் குடுத்து, வாங்கினவர் குடுத்தவர் ரெண்டு இடத்துலயும் நானே கையெழுத்து போடுவேன். அதப் பார்த்து சிரிக்காத ஆளு எங்க சோமசுந்தரம் சார் மட்டும்தான்.

அவருதான் செக்யூரிட்டி ஆபீசர். தென்காசி பக்கம், விமானப்படையில இருந்துட்டு வந்தவரு. கோவப்பட்டு நான் பார்த்ததில்ல, குரல் உசந்து கேட்டதில்ல. சரின்னும் சொல்ல மாட்டாரு, தப்புன்னும் சொல்ல மாட்டாரு. கக்கத்துல விதிப் புத்தகம், சட்டைப் பையில ஆறு அங்குல ஸ்டீல் ஸ்கேலு. நீங்க எதக் கேட்டாலும் புத்தகத்தப் பிரிப்பாரு, வரிக்குக் கீழ ஸ்கேல வெப்பாரு, உங்க பக்கமா திருப்புவாரு. படிச்சிட்டு நீங்களே போயிடணும். நீங்க ஏதாவது காரணம் சொன்னீங்கன்னா ஒரே ஒரு கேள்விதான் கேப்பாரு: "அது எந்த வரியில இருக்கு?" அந்தக் கேள்விக்கு பயந்தே பாதி பேரு லீவு லெட்டர் எழுத மாட்டாங்க.

நான் அவர்கிட்ட மாட்டினது தக்காளி விஷயத்துல. பட்டன் போன் காலம். பெயிண்டர் ரெண்டு பேரு, ஒரே மாடல் போன். தினம் பாக்கற மூஞ்சின்னு டோக்கனக் கேக்காம எடுத்துக் குடுத்துட்டேன், மாறிப் போச்சு. ரெண்டு பேரும் பஸ்ல போவும்போது போன் அடிச்சிருக்கு. எடுத்திருக்காங்க. வரும்போது தக்காளி வாங்கியான்னு இந்தாண்ட ஒரு அம்மா, தக்காளி வாங்கியான்னு அந்தாண்ட ஒரு அம்மா. ரெண்டு பேரும் சரின்னு வெச்சிட்டு தக்காளியோட வூட்டுக்குப் போயிருக்காங்க. மறுநாள் மதியம் வரைக்கும் நாலு பேருல ஒருத்தருக்கும் தெரியல. பஸ் இரைச்சல்ல குரல் புரியலன்னு ரெண்டு ஆம்பளைங்களும் சொன்னாங்க. அந்தம்மாங்க கேட்டாங்களா இல்லையான்னு நான் போயி விசாரிக்கல. சார் என்னைக் கூப்ட்டு கேட்டாரு. "மூஞ்சியப் பார்த்துக் குடுத்தேன் சார்"னேன். "மூஞ்சியப் பார்த்துக் குடுக்கலாம்னு எந்த வரியில இருக்கு, எஸ்தர்?" அன்னிலேருந்து எங்க அண்ணனே வந்து நின்னாலும் டோக்கன் இல்லாம நான் பைய அவுத்ததில்ல.

இப்ப நான் சொல்ல வந்த விஷயத்துக்கு வரேன்.

கிரேன் ஓட்டற ஜெகநாதன உங்கள்ல நிறைய பேருக்குத் தெரியும். செங்கல்பட்டு ஸ்டேஷனுக்குப் பின்னாடி வூடு, ஸ்டாஃப் பஸ்ல வருவாரு. என்னைவிட ஒரு வயசு பெரியவரு, அண்ணாத்தன்னு கூப்புடுவேன். எட்டு வருஷமா அவருக்கு ஒரு கெட்ட பேரு இருந்துச்சு, மண்டகனம் புடிச்ச ஆளுன்னு. வணக்கம் சொன்னா பதில் சொல்ல மாட்டாரு. பின்னாலேருந்து கூப்ட்டா திரும்ப மாட்டாரு. ஜோக்கு சொன்னா எல்லாரும் சிரிச்சி முடிச்ச பொறவு சிரிப்பாரு. கிரேன் மேல ஏறி உக்காந்து உக்காந்து ஆளுங்கள கீழ்ப் பார்வையாவே பாக்கறாருன்னு கேன்டீன்ல பேசிக்கினாங்க. நானும்தான் பேசினேன், இல்லன்னு சொல்ல மாட்டேன்.

அவருக்குக் காது கேக்கலன்னு ஒருத்தருக்கும் தோணல. தெரிஞ்சது காசிக்கு மட்டும்தான். காசி கலாசி, அதாவது கிரேனுக்குக் கீழ நின்னு தூக்கு, இறக்கு, நிறுத்துன்னு கையால சைகை காட்டற ஆளு. அவரு வெளிய மூச்சு வுடல.

ஜெகநாதனோட பொண்ணு கவிதா நாவலூர்ல கம்ப்யூட்டர் ஆபீஸ்ல வேலை பார்க்குது. அப்பாகிட்ட பேசி பேசித் தொண்டை கிழிஞ்சி போயி, ஒரு நாள் அவர இழுத்துக்கினு போயி ரெண்டு காதுக்கும் மெஷின் வாங்கி மாட்டிடுச்சு. நல்ல உசந்த மெஷினு, முருங்கை விதை அளவுதான் இருக்கும். மறுநாள் திங்கக்கிழமை. வரிசையில பத்து பேரு பின்னால நிக்கறாங்க. போனைப் பையில போட்டுட்டு மனுஷன் பேசாம நகர்ந்திருந்தா ஒண்ணும் இல்ல. நானும் கவனிச்சிருக்க மாட்டேன்.

"எஸ்தரு, இங்க பாரு"ன்னு காதத் திருப்பிக் காட்டினாரு. "பொண்ணு வாங்கிக் குடுத்துது. போன் வந்தா நேரா காதுக்குள்ளயே பேசுதும்மா. எடுக்கவே தேவையில்ல."

விதிப் புத்தகத்துல ஏழாவது வரி, கைப்பேசியோட கம்பி இல்லாம சேரக்கூடிய எந்தப் பொருளும் உள்ள போவக் கூடாது. காது மெஷின் மருந்து கணக்கு, வுட்டுடலாம்னா, இவரு போனோட சேருதுன்னு பத்து பேரு கேக்கச் சொல்லிட்டாரு. இன்டர்காம்ல சாரக் கூப்ட்டேன். வந்தாரு. காதப் பார்த்தாரு, வரியப் பார்த்தாரு. "இது போனோட சேருமா?"ன்னு கேட்டாரு. நான் கண்ண சிமிட்டறேன், உதட்டக் கடிக்கறேன், தலைய ஆட்டறேன். ஜெகநாதன் என் பக்கம் திரும்பவே இல்ல. "சூப்பரா சேருது சார்"னாரு.

ஸ்கேலு வரிக்குக் கீழ வந்து உக்காந்துச்சு. ஜெகநாதன் படிச்சாரு. ரெண்டு காதையும் கழட்டி அவரே பையில போட்டாரு. டோக்கன் நம்பர் நூத்திப் பதினேழு. பொருள்னு இருக்கற இடத்துல நான் பார்த்தத எழுதினேன்: போன் 1, காது கேட்கும் கருவி 2. கையெழுத்து போடுங்க அண்ணாத்தன்னு மூணு தடவ சொன்னேன். மனுஷன் மதில் மேல உக்காந்திருந்த காக்காயப் பார்த்துக்கினு நிக்கறாரு. அப்பதான் எனக்கு எட்டு வருஷத்து மண்டகனம் புரிஞ்சிது. எட்டிக் கையத் தட்டி ரெஜிஸ்டரக் காட்டினேன்.

அன்னிலேருந்து தினம் இதே வேலை. காலையில காதக் கழட்டிக் குடுத்துட்டு உள்ளப் போவாரு, சாயங்காலம் காத வாங்கி மாட்டிக்கினு பஸ் ஏறுவாரு. மாட்டின ஒடனே மூஞ்சிய சுளிப்பாரு. இந்த ஊரு இவ்ளோ சத்தமான்னு கேப்பாரு. வரிசையில நிக்கற பசங்க, அண்ணாத்த மூக்கு கண்ணு எதுனா மிச்சம் இருந்தா அதையும் குடுத்துட்டுப் போன்னு கிண்டல் பண்ணுவானுங்க. அவருக்கு எங்க கேக்குது, அதான் பைக்குள்ள இருக்கே.

இப்ப நான் செஞ்ச காரியத்தச் சொல்றேன். மாசக் கடைசியில என் ரெஜிஸ்டரோட நகல் சேஃப்டி செக்ஷனுக்குப் போவும். வருஷக்கணக்கா போவுது, எவனும் பிரிச்சிப் பார்த்ததில்ல. அந்த மாசம் பார்த்து புதுசா ஒரு மேடம் வந்திருந்தாங்க. நிவேதா மேடம், கோயமுத்தூர் பக்கம், சின்ன வயசு, காகிதம்னு இருந்தா படிச்சிடற பழக்கம். ஒரே பேருக்கு நேரா நாள் தவறாம காது கருவி ரெண்டு, காது கருவி ரெண்டு. செக்ஷன் கிரேன். அவங்க கேட்டதுல ஒரு தப்பும் இல்ல: காது கருவி தேவைப்படற ஆளு அது இல்லாம எப்படி கிரேன் ஓட்டறாரு? அபாயச் சங்கு ஊதுனா அவருக்கு எப்படித் தெரியும்?

மறுநாளே ஜெகநாதனக் கிரேன்லேருந்து இறக்கிட்டாங்க. ஸ்டோர்ல ஒரு பெஞ்ச காமிச்சி உக்காருன்னுட்டாங்க. வேலை முடிய இன்னும் பதினாலு மாசம் இருக்கு. மெடிக்கல்ல தகுதி இல்லன்னு எழுதிட்டா அதோட கிரேனு கிடையாது, பதினாலு மாசமும் அந்தப் பெஞ்சுதான்.

மதியம் என் ஜன்னலுக்கு வந்தாரு. திட்டுவாருன்னு நினைச்சேன். திட்டியிருந்தா தேவலாம். காது கேக்காதவங்களுக்கு தன் குரலு எவ்ளோ சத்தம்னு தெரியாது, கேட்டுல இருந்த அத்தினி பேருக்கும் கேக்குறாப்புல சொன்னாரு:

"மேல ஏறிட்டா எல்லாரும் கையாலதாம்மா பேசணும், அது ரூல்சு. அங்க நான் செவிடன் இல்ல. கீழ இறங்குனாதான் செவிடன்."

எனக்கு அழுகையே வந்துடுச்சு. தப்பு பண்ணிட்டேன் அண்ணாத்தன்னு சொல்லணும். அத கேட்டுல நின்னு கத்திச் சொன்னாதான் அவருக்குக் கேக்கும். மன்னிப்ப எப்படிக் கத்திக் கேக்கறது? காகிதத்துல எழுதிக் காட்டலாம்னா, எழுதினதாலதான இவ்ளோ வம்பும். டோக்கனுங்கள அடுக்கறாப்புல குனிஞ்சிக்கினேன். அவரு போயிட்டாரு.

அப்பறம் ஒரு வாரம் நான் பட்ட பேஜாரு இருக்கே. சேஃப்டியும் செக்யூரிட்டியும் கேட்டுக்கு வெளிய ஒரே கட்டடம், எதிரெதிர் ரூமு. சேஃப்டியில போயி கேட்டா, காது கருவி போட்டுக்கினு டெஸ்டுல பாஸ் பண்ணட்டும், போட்டுக்கினே ஓட்டட்டும்ங்கறாங்க. எதிர் ரூமுல போயி கேட்டா ஏழாவது வரிக்கு ஸ்கேலு வருது. ரெண்டு பேரு சொல்றதும் சரி. ரெண்டும் சரியாத்தான் இருக்கு, மனுஷன் பெஞ்சுல உக்காந்திருக்காரு.

கவிதாகிட்ட பேசினேன். அந்தப் பொண்ணு கடைக்குப் போயி போனோட சேர்ற வசதிய நிறுத்தி, நிறுத்திட்டோம்னு கடைக்காரர்கிட்ட கடுதாசியும் வாங்கியாந்துச்சு. சாரு கடுதாசிய ரெண்டு தடவ படிச்சாரு. நிறுத்தினத திரும்பப் போட முடியுமான்னு கேட்டாரு. முடியும் சார்னேன். புத்தகத்துல சேரக்கூடியன்னுதான் போட்டிருக்கு. நிறுத்தி வெச்சிருந்தா பரவாயில்லன்னு எந்த வரியில இருக்குன்னாரு. சரி, போனுக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்லாத பழைய மாதிரி மெஷின் ஒண்ணு செங்கல்பட்டுல புடிச்சாங்க, சட்டைப் பையில டப்பா, காதுக்கு ஒயரு. டெஸ்ட் ரூமுல அது உய்யுனு ஒரு கத்து கத்துச்சு பாருங்க, டாக்டரு தன் ரெண்டு காதையும் பொத்திக்கினாரு. ஜெகநாதன் மட்டும் இன்னா ஆச்சுன்னு பார்த்துக்கினு நிம்மதியா உக்காந்திருந்தாரு.

வெள்ளிக்கிழமை சார் ரூமுல போயி நின்னேன். நான் எழுதினதாலதான சார் இப்படி ஆச்சு, நான் சும்மா போன் ஒண்ணுன்னு மட்டும் எழுதியிருக்கலாமேன்னு அழுதுட்டேன். பார்த்ததத்தான் எழுதணும்னு இருக்கற வரிய அவரு காட்டினாரு. ஆறுதல் சொல்றாராம். அப்பறம் அலமாரியத் திறந்து வேற ஒரு புத்தகத்த எடுத்தாரு. கிரேன் செக்ஷனோட விதிப் புத்தகம், பச்சை அட்டை. ஏதோ ஒரு பக்கத்தப் பிரிச்சாரு, ஸ்கேல ஒரு வரிக்குக் கீழ வெச்சாரு, கைய கழுவணும்னு வெளிய போயிட்டாரு. அவரு கை சுத்தமாத்தான் இருந்துச்சு.

நான் படிச்சேன். கிரேன் ஓட்டறவர் தனக்குன்னு நிறுத்தியிருக்கற கலாசியோட கை சைகைக்கு மட்டும்தான் கட்டுப்படணும், வாயால யாரு சொன்னாலும் கேக்கக் கூடாது. நின்னுக்கினே மூணு தடவ படிச்சேன். வாழ்க்கையில மொத தடவையா எனக்கு ஒரு வரி கிடைச்சிது.

அந்தப் புத்தகத்த எடுத்துக்கினு எதிர் ரூமுக்குப் போனேன். நிவேதா மேடம் படிச்சாங்க. "சைகை சரிங்க எஸ்தரம்மா. ஆனா சங்கு? அது காதுல விழணுமில்லைங்க?"ன்னாங்க.

"மேல மோட்டார் ஓடும்போது நல்ல காதுக்காவது விழுதா மேடம்? யாருனா பார்த்திருக்காங்களா?"

நான் சும்மா வாய்க்கு வந்ததக் கேட்டேன். கிரேன் கேபின நான் பார்த்ததே இல்ல. அந்த மேடத்தப் பத்தி ஒண்ணு சொல்லணும், வேற ஆளா இருந்தா உன் வேலையப் பாருன்னு அனுப்பியிருப்பாங்க. அவங்க பேனாவக் கீழ வெச்சாங்க. பார்த்ததில்லைங்க, பார்த்துடலாம்னாங்க.

திங்கக்கிழமை டெஸ்டுன்னு முடிவாச்சு. கிரேன் கூடத்துல பக்கத்துப் பக்கத்துல ரெண்டு கிரேன் உண்டு. ஒண்ணுல ஜெகநாதன், இன்னிக்கு ஏறி ஓட்டுன்னு மட்டும் அவருக்குச் சொல்வாங்க. இன்னொண்ணுல பிரபுன்னு முப்பது வயசு ஆளு, மெடிக்கல்ல காதுக்கு முழு மார்க்கு வாங்கினவன். ரெண்டு பேரும் வெறும் கொக்கிய மாட்டிக்கினு வழக்கம்போல ஓட்டணும். சங்கு ஊதப் போறதா அவங்களுக்குச் சொல்ல மாட்டாங்க. ஊதின ஒடனே கீழ நிக்கற கலாசிங்க வழக்கம்போல ரெண்டு கையையும் தூக்கி நிறுத்து சைகை காட்டலாம். ஜெகநாதன் நிறுத்தலன்னா அன்னிக்கே தகுதி இல்லன்னு கையெழுத்தாயிடும், காகிதம் டைப் பண்ணி மேடம் ஃபைல்ல ரெடியா இருந்துச்சு. ஆரம்பிச்சது என் ரெஜிஸ்டர்தான்ற காரணத்தால சாட்சியா எனக்கும் ஒரு நாள் பாஸு குடுத்தாங்க. முப்பது வருஷத்துல அன்னிக்குத்தான் நான் அந்தக் கூடத்துக்குள்ள கால் வெச்சேன். எவ்ளோ உசரம்! கேபின் மேல எங்கியோ கூண்டு மாதிரி தொங்குது. ரெண்டு மோட்டாரும் ஓட ஆரம்பிச்சதும் பக்கத்துல நின்ன சாரு பேசறதே எனக்குக் கேக்கல.

நான் ஜெபம் பண்ணிக்கினு நின்னேன். எங்க சாரு கும்புடற சாமி வேற. ஆனா அவரும் ஸ்கேலக் கையில இறுக்கிப் புடிச்சிக்கினு இருந்தாரு.

மேடம் கைய அசைச்சாங்க. சங்கு ஊதுச்சு. கீழ நின்ன எனக்கே எங்கியோ பக்கத்து ஊர்ல ஊதறாப்புல இருந்துச்சு. காசி ரெண்டு கையையும் தூக்கினாரு. தூக்கி முடிக்கல, ஜெகநாதன் கிரேனு நின்னுடுச்சு. பிரேக் போட்ட கொக்கி லேசா ஆடிக்கினு இருந்துச்சு.

பக்கத்துக் கிரேனு போயிக்கினே இருக்கு. அந்தப் பக்கத்துக் கலாசி ரெண்டு கையையும் தூக்கறாரு, வீசறாரு, குதிக்கறாரு, தலையில இருந்த ஹெல்மெட்டக் கழட்டி ஆட்டறாரு. கொக்கி பாட்டுக்கு நிதானமா சுவர் வரைக்கும் போயி, நிதானமா திரும்பி வருது. கடைசியில எலக்ட்ரீசியன் ஓடிப்போயி மெயின ஆஃப் பண்ணினாரு. அப்பதான் பிரபு கூண்டுலேருந்து எட்டிப் பார்த்தான், கரண்டு போச்சான்னு கேட்டான்.

இறங்கச் சொன்னாங்க. ஹெல்மெட்டக் கழட்டச் சொன்னாங்க. காதுல ஒண்ணு இருந்துச்சு, வெள்ளையா, முருங்கை விதை அளவுதான். பாட்டு ஓடிக்கினு இருக்கு, அதுல லயிச்சி அவன் கீழ பார்க்கவே இல்ல. பாட்டு எங்கேருந்து வருதுன்னா, கூண்டுல வெச்சிருந்த சாப்பாட்டு கேரியர்ல மேல் அடுக்குல லெமன் சாதம், அதுக்குக் கீழ் அடுக்குல பிளாஸ்டிக் கவர் சுத்தி ஒரு போன்.

நான் என் ஜன்னலுக்கு ஓடினேன். ஏன்னா பிரபு தினம் காலையில எனக்கு ஒரு போன் குடுக்கறான். டோக்கன் முன்னூத்தி நாலு. அந்த ஆயிரம் பேருல வரும்போதே ஆஃப் பண்ணிக்கினு ஒழுங்கா கறுப்பு ஸ்கிரீன் காட்டற ஒரே புள்ள அவன்தான். அவனப் பார்த்து கத்துக்கோங்கடான்னு மத்தவனுங்களுக்கு நான் எத்தினி தடவ சொல்லியிருப்பேன். பைய அவுத்துப் பார்த்தா, அது செத்த போனு. தண்ணியில வுழுந்து எப்பவோ கெட்டுப் போனது. பாட்டரி கூட இல்ல. ஒரு வருஷமா அந்தப் பொணத்த நான் தினம் பையில போட்டு, டோக்கன் குடுத்து, நேரம் எழுதி, கையெழுத்து வாங்கிப் பத்திரமா வெச்சி திருப்பிக் குடுத்திருக்கேன்.

இதுக்கு விளக்கம் எழுதிக் குடுன்னு சாரு கேட்டாரு. நானும் இத்தினி வருஷம் அவருகிட்ட வேலை பார்த்தவ. "ஸ்கிரீன் கறுப்பா இருக்கணும்னுதான் சார் இருக்கு. அது முன்னாடி வெளிச்சமா இருந்துச்சான்னு பாக்கணும்னு எந்த வரியிலயும் இல்ல"ன்னேன். பேனா எடுத்தாரு, ஸ்கேல வெச்சாரு, ஆன் பண்ணிக் காட்டின பொறவுதான் ஆஃப் பண்ணணும்னு ஓரத்துல நேரா ஒரு வரி எழுதினாரு. விளக்கத்த அப்பறம் அவரு கேக்கல.

மேடம் அந்த டைப் பண்ண காகிதத்தக் கிழிச்சிட்டாங்க. கேபின்ல சங்கோட சேர்ந்து எரியணும்னு ஒரு சிவப்பு விளக்கு இருந்திருக்கு, பல்பு போயி எத்தினி வருஷம் ஆச்சோ. அத மாத்தச் சொல்லி, ஜெகநாதன் தகுதின்னு எழுதிட்டாங்க. பிரபுவ வூட்டுக்கு அனுப்பினாங்க, பத்து நாள் கழிச்சி திரும்ப வந்தான். நான் அவனத் திட்டல. அவன் பையில மட்டும் ரெண்டு முடிச்சி போட்டேன்.

சாயங்காலம் பஸ் நேரத்துக்கு ஜெகநாதன் டோக்கனோட வந்தாரு. பைய அவுத்துக் குடுத்தேன், காத மாட்டினாரு, சத்தத்துக்கு மூஞ்சிய சுளிச்சாரு. என்னை மன்னிச்சிடுங்க அண்ணாத்தன்னு சாதாரணக் குரல்ல சொன்னேன். கேட்டுச்சு. "நீ பார்த்தத எழுதின, அதுல இன்னா கீதும்மா"ன்னாரு. அப்பறம் இன்னிக்குக் கூடத்துல ஏன் அவ்ளோ கூட்டம், எதுக்கு எல்லாரும் வந்து என் கையக் குலுக்கறாங்கன்னு கேட்டாரு. மனுஷனுக்கு ஒண்ணுமே தெரியல. ஒருத்தரும் சொல்லல, சொல்லியிருந்தாலும் காது என்கிட்டதான இருந்துச்சு. நீங்க டெஸ்டுல பாஸு, சங்கு ஊதுனாங்க, நீங்க நிறுத்தினீங்கன்னேன்.

"சங்கா ஊதுனாங்க?" காத ஒரு தடவ தொட்டுப் பார்த்துக்கினாரு. "எனக்கின்னா தெரியும். காசி கையத் தூக்கினான், நிறுத்தினேன்."

ஹார்ன் அடிச்சாங்க. ரெண்டு அடி போனவரு திரும்பி வந்தாரு. கிண்டலா கேக்கறாரோன்னு அவரு மூஞ்சியப் பார்த்தேன். கிண்டல் இல்ல, நெசமாவே புரியாமதான் கேட்டாரு.

"பக்கத்துல பிரபு ஓட்டிக்கினே இருந்தானே, அவன் ஏன்மா நிறுத்தல? அவனுக்குத்தான் காது நல்லா கேக்குமே."